பெயர் எழுதப்படாத 7,337 பேர்



எருசலேமின் மதில் கட்டி முடிந்துவிட்டது. 52 நாள் உழைத்து எழுப்பிய மதில் அது. கதவுகளும் மாட்டியாயிற்று. மதிலைக் கட்டுவித்த நெகேமியா நகருக்குள் திரும்பிப் பார்க்கிறார். ஊர் பெரிது, ஆட்கள் கொஞ்சம், வீடுகள் இன்னும் எழும்பவில்லை. அந்த நேரத்தில் மக்களை ஒன்றுகூட்டித் தலைமுறை வாரியாகப் பதிவு செய்யவேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்த எண்ணத்தைத் தம் உள்ளத்தில் வைத்தவர் கடவுளே என்று அவரே எழுதியிருக்கிறார். அப்போது பழைய ஏடு ஒன்று அவர் கையில் கிடைக்கிறது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பாபிலோனிலிருந்து முதன்முதலில் ஊர் திரும்பியவர்களின் பதிவேடு அது.

நெகேமியா நூலின் ஏழாம் அதிகாரம் அந்த ஏட்டை வரிசை மாறாமல் தருகிறது. வீட்டில் விவிலியத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்கள்கூட இந்தப் பக்கம் வந்தால் வேகமாகத் தள்ளிவிடுவார்கள். பாரோசின் மக்கள் 2,172 பேர், செபத்தியாவின் மக்கள் 372 பேர் என்று பெயரும் தொகையுமாக அது போய்க்கொண்டே இருக்கும். இறந்தோரை நினைக்கும் இந்த நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலையில் அந்த அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடைசியில் மொத்தக் கணக்கு வரும். சபையார் 42,360 பேர். அடுத்த வரியில் அவர்களுடைய அடிமைகள், ஆணும் பெண்ணுமாக 7,337 பேர். அதற்குப் பிறகு ஒட்டகங்கள் 435, கழுதைகள் 6,720.

குடும்பத் தலைவர்களின் பெயர் அந்த ஏட்டில் இருக்கிறது. கோவில் வாயிற்காவலரின் குடும்பப் பெயர்கூட இருக்கிறது. இந்த 7,337 பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை. அதே பாதையை நடந்து கடந்தவர்கள்தான் அவர்களும். எசமானர்களின் பிள்ளைகளைத் தோளில் சுமந்தவர்களும் இரவில் அடுப்பு மூட்டியவர்களும் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒட்டகங்களுக்கும் கழுதைகளுக்கும் முன்னால் ஓர் எண்ணாக நிற்கிறார்கள்.

நம் முன்னோரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த எண் என் மனதை விட்டு அகலுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் பெயர் எழுதப்படாத அந்த வரிசையிலிருந்து வந்தவர்கள். அரசர்களின் மெய்க்கீர்த்திகள் கல்லில் இருக்கின்றன. வயலில் நாற்று நட்டவளின் பெயரை யாரும் கல்லில் வெட்டவில்லை.

உங்களை ஒன்று கேட்கிறேன். அப்பாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவின் பெயரும் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர், நிலத்தின் மூலப்பத்திரம் பத்திரமாக இருக்கிற வீடுகளில் தெரியும். அம்மாவின் அம்மாவைப் பெற்றவளின் பெயர் என்ன? கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு நின்றவர்களில் எத்தனை பேரால் அதற்குப் பதில் சொல்ல முடியும்? அவள் பிள்ளை பெற்ற உடம்பிலிருந்துதான் நாம் வந்திருக்கிறோம். அவள் சொல்லிக்கொடுத்த ‘அருள் நிறைந்த மரியே’தான் உங்கள் அம்மாவின் வாய்க்கு வந்தது. மூன்றே தலைமுறையில் அவள் பெயர் போய்விட்டது. சொத்துக்காக மட்டும் முன்னோரைத் தேடுகிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கும் நாளில் தாத்தாவின் இறப்புச் சான்றிதழுக்காக அலைகிறோம். அது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறோம்.

நமக்கு நவம்பர் 2 இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாள். மொரீசியஸ் தீவில் அதே நாளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. அங்கே அது அரசு விடுமுறை. 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பல் போர்ட் லூயிஸ் துறையில் 36 பேரை இறக்கியது. கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மலைவாழ் மக்கள் அவர்கள். 1920 வரையான காலத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இந்தியாவிலிருந்து அந்தத் துறையில் போய் இறங்கினார்கள். சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின; தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். வந்து இறங்கியவர்கள் ஏறிய 16 கல்படிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஆப்ரவாசி காட் என்று வழங்கும் அந்த இடத்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். தோட்டத்தைவிட்டு ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிக்கவேண்டும் அல்லவா, அதற்காக. அந்த ஏடுகளும் படங்களும் இப்போது மொக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. கொள்ளுப்பேரப்பிள்ளைகள் அங்கே போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துத் தங்கள் பாட்டனின் முகத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். தப்பவிடாமல் பிடிப்பதற்கு எடுத்த படத்தில் ஆண்டவர் ஒரு குடும்பத்துக்கு அதன் மூதாதையின் முகத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். வேறு யாரோ தங்கள் இலாபத்துக்காக எழுதிய கணக்கும் அவர் கையில் இரக்கத்தின் கருவி ஆகிறது என்பதை நான் நம்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் கதையும் இதுதான். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அந்தக் கப்பல் முதல் 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் அங்கே போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு வரியை மட்டும் பாருங்கள். முதலில் எண், பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம். கடைசிக் கட்டத்தில் உடம்பில் உள்ள அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு, வலது கன்னத்தில் மச்சம் என்பதுபோல. எழுத்தருக்கு அது ஆளை அடையாளம் காண்பதற்கான குறிப்பு. அந்தத் தழும்பு எப்போது விழுந்தது, என்ன மருந்து வைத்துக் கட்டினோம் என்பதெல்லாம் அவனைப் பெற்றவளுக்குத் தெரிந்திருக்கும். மகன் எங்கே போனான் என்பது மட்டும் தெரியாமலே அவள் கண்ணை மூடியிருப்பாள். இன்று அவனுடைய சந்ததியில் யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது, தாய்க்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்று நூற்றைம்பது ஆண்டு கழித்து வீடு வந்து சேருகிறது.

ட்ரூரோவில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தாங்கள் இறங்கிய இடத்தில் அவர்கள் குருவைத் தேடினார்கள். டர்பனில் இருந்த அமலமரித் தியாகிகள் சபையின் பிரெஞ்சுக் குரு சபோன் அவர்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டு அவர்களிடையே பணியாற்றினார். அந்த மக்களின் பிள்ளைகள் இன்றும் டர்பனில் நம்பிக்கையோடு வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் பட்டியலில் கண்ட கிராமத்தின் பெயரை எழுதிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பெயர் எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதியது. முனுசாமி மூன்சாமி ஆனதுபோல ஊர்ப்பெயரும் உருமாறியிருக்கும். அப்படி யாராவது உங்கள் ஊருக்கு வந்து வழி கேட்டால், சொத்துக்குப் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்று பயந்து கதவைச் சாத்திவிடாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஊர்ப் பெரியவரிடம் அழைத்துப் போங்கள். அவர்கள் கேட்பதெல்லாம் அழுவதற்கு ஒரு மண்.

நம் பங்கிலேயே தேடுவதற்கு நிறைய இருக்கிறது. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குத்தந்தையும் திருமண ஏடும் திருமுழுக்கு ஏடும் வைத்திருக்கவேண்டும் என்று ஆணையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் அதோடு சேர்த்து, எழுதவேண்டிய மாதிரியையும் தந்தது. இன்றைய திருச்சபைச் சட்டம், எண் 535, பழைய ஏடுகளையும் கவனமாகப் பாதுகாக்கச் சொல்கிறது. மறைமாவட்ட அலுவலகத்தில் யாரோ செய்யும் எழுத்து வேலை என்று இதை நினைக்காதீர்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே நீளத்தில் ஒரே மையில் வரி கொடுத்த புத்தகம் நம் ஊர்களில் வேறு அதிகம் இல்லை.

ஒரு பழைய திருமுழுக்கு ஏட்டைத் திறந்தால் கனத்த தாள் பழுப்பேறியிருக்கும். ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கும். வரிகள் பல இடங்களில் இலத்தீனில் இருக்கும். குழந்தை பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், தகப்பன், தாய், ஊர், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவின் கையொப்பம். பின்னாளில் அந்தக் குழந்தை வளர்ந்து திருமணம் முடித்திருந்தால் அது பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் ஏட்டில் பெத்ருஸ் என்று இருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சந்தியாகு யாக்கோபுஸ். இது தெரியாமல், தாத்தா பெயர் ஏட்டில் இல்லை என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இன்னொன்று. இன்று தனிப் பங்காக இருக்கிற ஊர் நூறு ஆண்டுக்கு முன் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும். அப்படியானால் உங்கள் பாட்டியின் பெயர் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் கிடைக்கும். சில ஊர்களில் கோவா மிஷன் கோவில் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று என்று இரண்டு குருக்களின் ஆளுகை இருந்த காலமும் உண்டு. ஓர் ஏட்டில் இல்லாதவரை மற்றதில் தேடவேண்டும்.

அந்த ஏடுகளில் என்னை நிறுத்திவைக்கிற பக்கங்கள் பஞ்ச காலத்துப் பக்கங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தை நம் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு 1877இல் அரசு விதித்த நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைத் தோண்டியவர்கள் அப்படிக் கூலிக்கு வந்த பஞ்சைகள். அரசுப் புத்தகத்தில் அவர்கள் இத்தனை ஆயிரம் பேர் என்று தொகையாக இருக்கிறார்கள். கோவில் ஏட்டில் ஒவ்வொருவராக இருக்கிறார்கள். ஒரே நாளில், ஒரே கையெழுத்தில், வரிக்கு மேல் வரி. சாகும் தறுவாயில் உபதேசியார் கொடுத்த திருமுழுக்கு. தாய் தகப்பன் யாரென்று தெரியாத குழந்தைக்கு ஞானத்தாயாக நின்ற ஒரு பெண்ணின் பெயர். அவளும் பட்டினியாகத்தான் இருந்திருப்பாள். இன்னொருத்தியின் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, நான் பொறுப்பு என்று கோவிலில் நின்றிருக்கிறாள். அவளைப் போன்றவளுக்கு நாம் பீடம் எழுப்பவில்லை. புனிதர் அனைவரின் பெருவிழா அவளுக்கும் உரியது.

அன்பார்ந்தவர்களே, ஏடு பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது இன்னும் சில காலம் இருக்கும். வீட்டில் படுத்திருக்கிற பாட்டி அவ்வளவு காலம் இருக்கமாட்டார். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலின்போது நீங்கள் எவ்வளவு பெரிய பிள்ளை என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். அது 1964 டிசம்பர். தமிழ் ஆண்டின் பெயரைச் சொன்னால் கவனமாக இருங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவரும். பஞ்சத்துத் தாது 1876, அடுத்த தாது 1936. பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். யார் சமைத்தது, கலியாணத்துக்கு எந்த வழியாக நடந்து வந்தீர்கள், செத்துப்போன பிள்ளைகள் எத்தனை, அவர்களுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள். பிறந்து சில நாளில் போன குழந்தையின் பெயரை எழுபது ஆண்டு மனதுக்குள்ளேயே வைத்திருக்கிற தாய்மார்கள் உண்டு. கேட்பாரில்லாமல் அவர்கள் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய குரலும் பின்னாளில் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

தேடத் தொடங்கினால் நல்லது மட்டும் கிடைக்காது. அதையும் சொல்லவேண்டியது என் கடமை. புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு தலைமுறை அட்டவணையோடு தொடங்குகிறார். ஆபிரகாம் முதல் கிறிஸ்து வரை மூன்று பதினான்கு தலைமுறைகள். ஆண்களின் பெயர்களாகவே போகிற அந்த வரிசையில், மரியாவுக்கு முன் நான்கு பெண்களை நிறுத்துகிறார். மாமனார் தனக்குச் செய்த அநீதியை எதிர்த்து நின்ற தாமார். எரிகோவின் விலைமகள் இராகாபு. மோவாபிய விதவை ரூத்து; மோவாபியர் ஆண்டவரின் சபைக்குள் வரக்கூடாது என்றே திருச்சட்டம் சொல்லியிருந்தது. நான்காவது பெண்ணை மத்தேயு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. உரியாவின் மனைவி என்கிறார். உரியா யார்? தாவீது அரசனின் படைவீரன். அவன் மனைவியை அபகரித்துவிட்டு, போர்முனையில் அவனைத் தனியே விட்டுச் சாகவைத்தான் தாவீது. உரியாவின் இரத்தம் கிறிஸ்துவின் வழிமரபில் இல்லை. ஆனாலும் அவன் பெயர் அதில் இருக்கிறது. கொலை செய்தவனின் குடும்ப வரலாற்றில் கொலையுண்டவனின் பெயரைத் தூய ஆவியார் அழியாமல் எழுதவைத்தார்.

ஆகவே, தாத்தா பிறருடைய நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கினார் என்று தெரியவந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பண்ணையாளின் கூலியைப் பிடித்துவைத்த வீடு என்று தெரியவந்தால், ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்ளாமல் துரத்திய வீடு என்று தெரியவந்தால், அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருந்தால் போய்ப் பேசுங்கள். திருப்பிக் கொடுக்கக்கூடியதைத் திருப்பிக் கொடுங்கள். இறந்தவருக்கு அதைவிடப் பெரிய மன்றாட்டு ஒன்றும் இல்லை.

இதைவிடக் கடுமையாக ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில் சில குருக்கள் தங்கள் வழிமரபுப் பதிவைத் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. உடனே அவர்கள் தீட்டுப்பட்டவர்கள் என்று விலக்கி வைக்கப்படுகிறார்கள். குடும்ப வரலாறு மனிதரை வெளியே தள்ளும் கருவியாகவும் ஆகலாம் என்பதற்கு விவிலியமே சாட்சி. நம் மண்ணில் அந்த ஆபத்து பல மடங்கு. நாங்கள் இன்னாரின் வழித்தோன்றல், ஆண்ட பரம்பரை என்று நிறுவுவதற்காக முன்னோரைத் தேடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். திருமுழுக்குப் பெற்ற நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு கேட்கிறது. நம் மாநிலத்தில் சில கல்லறைத் தோட்டங்களை இன்னும் சாதி பிரித்துவைத்திருக்கிறது. ஒரே கிண்ணத்திலிருந்து பருகியவர்கள் செத்தபின் ஒரே மண்ணில் படுக்கக்கூடாது என்பது நற்செய்திக்கு எதிரான பாவம். அதற்கு வேறு பெயர் கிடையாது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட நம் மறைசாட்சி தேவசகாயத்தை 2022 மே 15 அன்று திருத்தந்தை புனிதராக அறிவித்தபோது, அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர் விடப்பட்டது. விண்ணகத்தின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

புனித பவுலைப் பாருங்கள். தாம் பென்யமின் குலத்தவர், எபிரேயரில் எபிரேயர் என்று சொல்லிக்காட்ட அவருக்கு எல்லாம் இருந்தது. கிறிஸ்துவுக்காக அதையெல்லாம் குப்பையாக எண்ணுவதாகப் பிலிப்பியருக்கு எழுதினார். முடிவில்லாத மூதாதையர் பட்டியல்களில் மூழ்கவேண்டாம் என்று சிலருக்குக் கட்டளையிடும்படி திமொத்தேயுவுக்கு எழுதினார். அதே பவுல் அதே திமொத்தேயுவுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைக்கிறார். திமொத்தேயுவிடம் இருக்கும் நம்பிக்கை முதலில் அந்தப் பாட்டியிடம் குடியிருந்தது என்கிறார். குலப்பெருமையை வீசி எறிந்த கை ஒரு பாட்டியின் பெயரை எழுதியது. நாம் எதைத் தேடவேண்டும், எதை விடவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அந்த வேலையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேர் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. இருக்கட்டும், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் அதே பாதையில் பல்லாயிரம் ஆசியத் தொழிலாளரோடு செத்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களைக் குழிகளில் ஒன்றாகப் புதைத்தார்கள். ஆளுக்கொரு பெயர்க்கல்லும் இல்லை, முழுமையான பட்டியலும் இல்லை. நம் ஊர்களில், மலாயாவுக்குப் போனார், பிறகு தகவல் இல்லை என்று ஒரே வரியில் முடிந்துபோகும் பெரியப்பாக்கள் இருக்கிறார்களே, அவர்களில் சிலர் அங்கே கிடக்கிறார்கள்.

அவர்களுக்காக நாம் என்ன செய்யமுடியும்? மக்கபேயர் இரண்டாம் நூலில் யூதா மக்கபே, போரில் விழுந்தவர்களுக்காகக் காணிக்கை திரட்டி எருசலேமுக்குப் பாவப் பரிகாரப் பலிக்கு அனுப்பினார். திருச்சபையும் தன் தொடக்கம் முதல் இறந்தோருக்காக மன்றாடிவருகிறது. திருப்பலியில் நாம் இறந்தோரை நினைக்கும்போது, எவருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவரே அறிவாரோ அவர்களையும் சேர்த்து நினைக்கும் மன்றாட்டு உண்டு. நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தி சொல்வதை நாம் அறிக்கையிடுகிறோம். நெகேமியாவின் ஏட்டில் எண்ணாக நின்ற 7,337 பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். நம் தேடலில் நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் மறக்காமல் வைத்திருப்பதில் கொஞ்சத்தை அவரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இந்த மாதம் முழுவதும் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பெயர்ப் பட்டியல் தருகிறீர்கள். வழக்கமாக அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியோடு அது நின்றுவிடும். இந்த ஆண்டு ஒரு தலைமுறை கூடுதலாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அம்மா வழிப் பெண்களின் பெயர்களைக் கட்டாயம் சேருங்கள். திருமுழுக்குப் பெறாமல் இறந்த பாட்டன் பாட்டிகளையும் எழுதுங்கள்; அவர்களும் ஆண்டவரின் பிள்ளைகள்தான். பெயர் தெரியாதவரை, இன்னாரின் தாய் என்றோ, கண்டிச் சீமைக்குப் போன பெரியம்மா என்றோ, மலாயாவுக்குப் போனவர் என்றோ எழுதினால் போதும். பழைய ஏட்டில் தேடவேண்டியவர்கள் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். தெரிந்த பெயரையும் ஊரையும் குத்துமதிப்பான ஆண்டையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள், நாம் சேர்ந்து பார்ப்போம். ஏடு நைந்திருப்பதால் புரட்டுவதை மட்டும் எங்களிடம் விடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் தயங்கவேண்டாம். நம் இளையோர் இயக்கத்தினர் அன்பியம் அன்பியமாக வீட்டுக்கே வருவார்கள். நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.